டவரா, கேபிளா, பழைய லைனா? பெங்களூரின் தென்கிழக்குக்குக் கரண்ட் கொண்டுவரும் வழிகள்

சர்ஜாபூரிலிருந்து அத்திப்பள்ளி வரை யாரிடம் பேசினாலும் இரண்டு கோரிக்கைகள் ஒன்றாகவே வரும். கரண்ட் போகக் கூடாது. எங்கள் பக்கம் டவர் வரக் கூடாது. அடுக்குமாடியில் பத்தாவது தளத்தில் இருப்பவரும் இதைத்தான் சொல்கிறார், இரண்டு ஏக்கரில் ராகியும் ரோஜாவும் போடுகிறவரும் இதைத்தான் சொல்கிறார். ஆனேக்கல் தாலுகாவில் இந்த இரண்டு தரப்பிலும் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருப்பதால், இரண்டு வாதங்களும் எனக்குத் தமிழிலேயே கேட்கக் கிடைக்கின்றன. மின்தடங்களுக்கு சர்வே எடுக்கும் வேலையில் இருப்பவன் என்று தெரிந்தால், "சரி, எதுதான் நல்லது, நீங்களே சொல்லுங்க சார்" என்ற கேள்வியும் வந்துவிடும்.

சொல்கிறேன். அறிவிக்கப்பட்ட எந்தத் திட்டத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை. கணக்குப் பார்க்க ஒரு தடத்தை வைத்துக்கொள்வோம். நகரத்துக்கு வெளியே ஒரு 400 கே.வி. (கிலோவோல்ட், அதாவது ஆயிரம் வோல்ட் கணக்கு) துணை மின் நிலையம். அங்கிருந்து சர்ஜாபூருக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே வரவேண்டிய ஒரு 220 கே.வி. நிலையம். தூரம் சுமார் 30 கிலோமீட்டர். ஒரே டவரின் இரண்டு பக்கமும் இரண்டு சர்க்யூட், அதாவது மூன்று ஃபேஸ் கொண்ட தனித்தனி மின்பாதைகள்.

இப்போது இருக்கும் 66 கே.வி. லைன்களையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் போதாதா? போதாது. ஒரே ஆம்பியரை 66-க்குப் பதில் 220 கே.வி.யில் அனுப்பினால் மூன்று மடங்குக்கும் மேல் மின்சாரம் போய்ச் சேரும். கர்நாடகத்தின் உச்சத் தேவை 2024 கோடையில் 17,000 மெகாவாட்டைத் தாண்டியது, அதில் பெங்களூரின் பங்கு பெரியது. அதோடு, ஒரு லைன் விழுந்தாலும் (டிரிப் ஆகி நின்றுபோவதைத்தான் இப்படிச் சொல்வோம்) மீதி லைன்கள் சுமையைத் தாங்க வேண்டும் என்பது இந்தத் துறையின் அடிப்படை விதி. 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் நகரத்துக்குள் வரும் லைன்கள் அடுத்தடுத்து விழுந்து, லோக்கல் ரயில்கள் நடுவழியில் நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். மும்பைக்கு வெளியே மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. உள்ளே கொண்டுவரும் வழிதான் போதவில்லை.

நேர்கோடு

எந்தத் தடமும் வரைபடத்தில் ஒரு நேர்கோடாகத்தான் பிறக்கும். இரண்டு நிலையங்களையும் ஸ்கேல் வைத்து இணைத்துவிட்டு, ஏரி, ஊர், காடு, பள்ளிக்கூடம், விமானத் தளம் என்று ஒவ்வொன்றையும் ஒதுக்கி வளைத்துக்கொண்டே போவார்கள். ஆனேக்கல் பக்கம் இந்த வளைவுகள் அதிகம். முத்தாநல்லூர், பிதரகுப்பே என்று ஏரிச் சங்கிலி ஒரு புறம். பன்னேர்கட்டா காட்டின் விளிம்பு மறு புறம், அங்கே யானைகள் நடக்கின்றன, தாழ்ந்து தொங்கும் கம்பியைப் பற்றி நினைக்கவே கூடாது. மீதி இருப்பது விளைநிலமும் லேஅவுட்டும். லேஅவுட்டில் சங்கம் இருக்கும், வக்கீல் இருப்பார். அதனால் கோடு வயலுக்குள் தள்ளப்படும்.

வளைவுக்குக் காசும் அதிகம். நேராகப் போகும் இடத்தில் நிற்கும் டவருக்கு ‘ஏ’ வகை என்று பெயர், 2 டிகிரி வரைதான் திருப்பம் தாங்கும். 15 வரை ‘பி’, 30 வரை ‘சி’, 60 வரை ‘டி’. எழுத்து மாற மாற எஃகும் கான்கிரீட்டும் கூடும். சர்வேக்குப் போன இடத்தில் ஒரு புதுக் கல்யாண மண்டபத்தைப் பார்த்தால் எங்களுக்கு முதலில் தோன்றுவது, இங்கே ஒரு ‘சி’ வகை டவர் வேண்டும் என்பதுதான்.

இதெல்லாம் இருந்தும், கையில் போடும் காசை மட்டும் பார்த்தால் மேல்கம்பிதான் மலிவு. கிலோமீட்டருக்குக் கேபிளின் செலவில் ஒரு சிறு பங்குதான் ஆகும். மின்னல் அடித்து லைன் விழுந்தாலும், பெரும்பாலும் ஒரு நொடி அளவில் தானாகவே மறுபடி இணைந்துவிடும், வீட்டில் விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டும், அவ்வளவுதான். டவரே சாய்ந்தாலும் தற்காலிகக் கம்பம் நட்டுச் சில நாளில் ஒப்பேற்றிவிடலாம்.

நில உடைமைக்காரருக்கு என்ன ஆகிறது என்பதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கவேண்டும். இங்கேதான் பேச்சு எப்போதும் தடம் மாறுகிறது. எல்லோரும் டவர் நிற்கும் இடத்தைப் பற்றியே சண்டை போடுகிறார்கள். 220 கே.வி. டவரின் நான்கு கால்களுக்கு நடுவே பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று வைத்தால் 100 சதுர மீட்டர், இரண்டரை சென்ட். ஆனால் கம்பிக்குக் கீழே விடவேண்டிய பாதையின் அகலம் 35 மீட்டர். அடுத்த டவர் 300 மீட்டர் தள்ளி என்றால், இரண்டுக்கும் நடுவில் 10,500 சதுர மீட்டர், அதாவது இரண்டரை ஏக்கருக்கும் மேல் அந்தப் பாதைக்குள் சிக்குகிறது. அதற்குள் ராகி போடலாம், காய்கறி போடலாம். தென்னை வைக்கக் கூடாது, நீலகிரி மரம் வைக்கக் கூடாது, வீடு கட்டவே கூடாது. சந்தாபுராவரை நகரம் வந்துவிட்ட பிறகு, வீடு கட்ட முடியாத நிலம் என்றால் அதன் விலை என்ன என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

இழப்பீட்டு விதிகள் சமீபத்தில் மாறியிருக்கின்றன, இது பலருக்குத் தெரியவில்லை. 2015-இல் மத்திய மின்துறை அமைச்சகம் சொன்னது டவர் அடிக்கு நில மதிப்பில் 85 சதவீதம், பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அது டவர் அடிக்கு 200, பாதைக்கு 30 என்றானது. 2025 மார்ச்சில் நகர்ப்புறத்துக்குப் பாதை விகிதத்தை இன்னும் ஏற்றினார்கள்: மாநகராட்சி, பெருநகரப் பகுதிகளில் 60, நகராட்சி போன்ற இடங்களில் 45. இவை வழிகாட்டுதல்கள்தான், மாநிலம் ஆணை போட்டால்தான் கைக்குக் காசு வரும். உதாரணத்துக்கு ஏக்கர் ஒரு கோடி என்று வையுங்கள் (அந்தப் பக்கம் அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள், கணக்குக்குத்தான்). டவர் அடிக்கு இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஐந்து லட்சம்கூடத் தேறாது. பாதைக்கு 30 சதவீதம் என்றால் 78 லட்சத்துக்கு அருகில். அதே நிலம் நகராட்சி எல்லைக்குள் வந்தால் ஒரு கோடியே பதினாறு லட்சத்துக்கு மேல். சண்டை போடுவதானால் இரண்டரை சென்டுக்குப் போடாதீர்கள். அந்த 35 மீட்டருக்குப் போடுங்கள், எந்த எல்லைக்குள் உங்கள் சர்வே எண் வருகிறது என்பதற்குப் போடுங்கள்.

இன்னொன்று. மின் நிறுவனம் அந்தப் பாதையை வாங்குவதில்லை. 2003 மின்சாரச் சட்டத்தின் 164-ஆவது பிரிவு, தந்திக் கம்பி இழுக்கிறவர்களுக்கு 1885-இல் கொடுத்த அதிகாரத்தை மின்தடம் இழுக்கிறவர்களுக்கும் தர வழி செய்தது. பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு, பட்டா உங்களுக்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபது வருஷம் கழித்து அந்த நிலம் மூன்று கை மாறும், லேஅவுட் ஆகும், கம்பிக்குக் கீழே முதலில் ஒரு ஷெட் வரும், பிறகு ஒரு மாடி, அப்புறம் இன்னொரு மாடி. பெங்களூருக்குள் பழைய 66 கே.வி. லைன்களின் கதை இதுதான். லைன் போட்டபோது கீழே வயல்தான் இருந்தது. 66 கே.வி. கம்பிக்கும் கட்டடத்துக்கும் பக்கவாட்டில் 2.3 மீட்டர் இடைவெளி வேண்டும், 220-க்கு 3.8 மீட்டர். இப்போது சில தெருக்களில் மொட்டை மாடியில் துணி காயப்போடுகிறவர் கையை நீட்டினால் கம்பி எட்டிவிடும் போலிருக்கிறது. காற்றாடி நூலாலும், புறா பிடிக்கத் தூக்கிய இரும்புக் கம்பியாலும் பிள்ளைகள் கருகிய செய்தி இந்த நகரத்தில் ஒருமுறை இரண்டுமுறை வந்ததல்ல.

பொதுச் சொத்தாக இல்லாத பாதை பாதையாக நீடிக்காது. நேர்கோட்டை நான் கடைசி இடத்தில் வைப்பதற்கு விவசாயியின் இழப்பு பாதிக் காரணம், இது மீதிப் பாதி.

‘மண்ணுக்குள்ளே புதைத்துவிடு’

இந்தக் கோரிக்கை நமக்குப் புதிதல்ல. சத்தீஸ்கரின் ராய்கர் பக்கமிருந்து தமிழ்நாட்டின் புகளூருக்கு 800 கே.வி. நேர்மின் தடம் வந்தபோது, கொங்குப் பகுதி விவசாயிகள் 2018, 2019-இல் விளைநிலத்தில் உயர்மின் கோபுரம் வேண்டாம், சாலையோரம் கேபிளாகப் புதையுங்கள் என்று போராடினார்கள். அவர்கள் கையில் ஒரு நல்ல உதாரணம் இருந்தது. புகளூரிலிருந்து திருச்சூருக்குப் போகும் தடம் கேரளத்துக்குள் இருபது கிலோமீட்டருக்கும் மேல் மண்ணுக்கடியில்தான் போகிறது. ‘அவங்களுக்கு முடியும், நமக்கு முடியாதா?’ நியாயமான கேள்வி. பதில் என்னவென்றால், கேரளத்துக்குப் போவது 320 கே.வி. நேர்மின்சாரம். நேர்மின்சாரத்தைக் கேபிளில் எத்தனை தூரம் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். நம் 220 கே.வி. மாறுமின்சாரம்.

மாறுமின்சாரத்தில் கேபிள், உள்ளே செம்பும் வெளியே உலோக உறையும் நடுவே பிளாஸ்டிக்குமாக, ஒரு நீண்ட கெப்பாசிட்டர்போல நடந்துகொள்ளும். நொடிக்கு ஐம்பது தடவை அதை நிரப்பிக் காலி செய்யவே, 220 கே.வி.யில் கிலோமீட்டருக்கு 6 முதல் 10 ஆம்பியர்வரை போய்விடும். 30 கிலோமீட்டருக்கு 180 முதல் 300 ஆம்பியர். யார் வீட்டு விளக்கும் எரியாமலே கேபிளின் கொள்ளளவில் ஒரு பங்கு இப்படிச் செலவாகும். சரிசெய்ய இரண்டு முனையிலும் ரியாக்டர் (இந்த ஓட்டத்தை ஈடுகட்டும் பெரிய கம்பிச் சுருள்) வைக்கலாம், முடியாதது ஒன்றுமில்லை. ஆனால் அதுவும் செலவுக் கணக்கில் சேரும்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை இணைப்புகள். 220 கே.வி. கேபிள் ஒரு டிரம்மில் சுமார் 500 மீட்டர்தான் வரும், அதற்கு மேல் லாரி தாங்காது. 30 கிலோமீட்டரில் அறுபது துண்டு. மூன்று ஃபேஸ், இரண்டு சர்க்யூட் என்று ஆறு கேபிள். ஆக சுமார் 350 இணைப்புகள். ஒவ்வொன்றும் சாலை நடுவே குழி வெட்டி, கூடாரம் அடித்து, தூசு புகாமல் ஏ.சி. போட்டு, தேர்ந்த ஜாயின்டர்கள் மாதக்கணக்கில் பயின்ற கையால் இன்சுலேஷனைச் சீவி, மணல் தாளால் தேய்த்து, கண்ணாடிபோல வழவழப்பாக்கிச் செய்யவேண்டியது. ஒரு துகள் உள்ளே மாட்டினாலும் பிற்பாடு அங்கேதான் வெடிக்கும். வெடித்தால் ஒரு நொடியில் திரும்ப வராது. எங்கே என்று கண்டுபிடித்து, தோண்டி, மறுபடி இணைக்க வாரக்கணக்கில் ஆகலாம். சர்ஜாபூர் ரோட்டில் 30 கிலோமீட்டர் பள்ளம் தோண்டுவது எப்படியிருக்கும் என்பதை அந்த ரோட்டில் போகிறவர்களிடமே விட்டுவிடுகிறேன். கீழே குடிநீர்க் குழாய், சாக்கடை, இணைய கேபிள்கள், அதற்கும் கீழே பாறை.

உடம்புக்கு ஆகாது என்ற பயத்தையும் கேபிள் முழுசாகத் தீர்ப்பதில்லை. காந்தப்புலத்துக்குப் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா, லைனுக்குக் கீழே அளந்தால் அதைவிட மிகக் குறைவாகவே வரும். கேபிளுக்கு நேர்மேலே நின்றால், ஒரு சின்னப் பட்டையில் மட்டும், டவர் லைனுக்குக் கீழே இருப்பதைவிடக் காந்தப்புலம் அதிகமாகவே இருக்கலாம். சில மீட்டர் தள்ளிப் போனால் சட்டென்று குறைந்துவிடும்.

முழுக் கேபிளை உச்ச நீதிமன்றமே சொல்லிப் பார்த்தது. அழிந்துவரும் கானமயில் பறவையைக் காப்பாற்ற ராஜஸ்தான், குஜராத் லைன்களைப் புதைக்கச் சொல்லி 2021 ஏப்ரலில் உத்தரவிட்டு, நடைமுறைச் சிக்கல்களைக் கேட்டபின் 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியது. பாலைவனத்திலேயே அந்த நிலை.

பழைய லைனில் புதுக் கம்பி

இதுதான் யாருமே கேட்காத வழி, நான் முதலில் கேட்பது இதைத்தான். இருக்கிற டவரில் இருக்கிற கம்பியை இறக்கிவிட்டு, அதிக வெப்பம் தாங்கியும் அதிகம் தொய்யாத புதுக் கம்பியை ஏற்றுவது. வழக்கமான அலுமினியக் கம்பி 75, 85 டிகிரியோடு நிற்கவேண்டும், மேலே போனால் தொய்ந்து தரையை நெருங்கும். புது வகை 150-க்கு மேலும் தாங்கும். (கம்பிகளுக்கெல்லாம் இந்தத் துறையில் பிராணிகளின் பெயர்: ஜீப்ரா, மூஸ், பாந்தர், கொயோட்டி. ‘ரெண்டு கிலோமீட்டர் கொயோட்டி குறையுது’ என்று ஸ்டோரில் பேசிக்கொள்வதை வெளியாள் கேட்டால் மிரண்டுபோவார்.)

220 கே.வி.யில் 600 ஆம்பியர் என்றால் ஒரு சர்க்யூட்டில் ஏறக்குறைய 229 எம்.வி.ஏ. (மெகாவாட் மாதிரியே ஒரு கொள்ளளவு அளவு) போகும். அதே டவரில் 1,200 ஆம்பியர் போனால் 457. புது நிலம் ஒரு சென்ட்கூட வேண்டாம். கலெக்டர் அலுவலகம் வேண்டாம், மரம் வெட்ட வேண்டாம். இரட்டைச் சர்க்யூட் என்றால் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்தில் ஓட்டிக்கொண்டே மாற்றலாம். மாதங்களில் முடியும் வேலை.

குறை இல்லாமலில்லை. மின்னோட்டம் இரண்டு மடங்கானால் கம்பியில் வீணாகும் மின்சாரம் நான்கு மடங்கு. தினமும் முழுச் சுமையில் ஓட்டினால் சேமித்த காசு வெப்பமாகவே போய்விடும். உச்ச நேரத்துக்கும், இன்னொரு லைன் விழும் அவசரத்துக்கும் என்றால் சரி. அடுத்து, டவர் ஒன்றுதான். அது சாய்ந்தால் இரண்டு சர்க்யூட்டும் போகும், கூட்டிய கொள்ளளவும் சேர்ந்தே போகும். ஆகவே இது புதுத் தடத்துக்கு மாற்று ஆகாது. புதுத் தடம் வரும்வரை தாக்குப்பிடிக்க ஐந்தாறு வருஷம் வாங்கித் தரும். நீதிமன்றத்தில் தடை வாங்கி நாலு வருஷம் நின்ற லைன்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஐந்தாறு வருஷத்தின் அருமை தெரியும்.

பேட்டரியும் இதே வேலையைச் செய்யும். டெல்லியில் கிலோகரி துணை மின் நிலையத்தில் 20 மெகாவாட்டை இரண்டு மணி நேரம் தரும் பேட்டரி 2025-இல் ஓடத் தொடங்கியது. சாயங்கால உச்சத்தைச் சமாளிக்க நல்லது. மாடி சோலார் அந்த நேரத்தில் தூங்கிவிடும். எலகங்காவில் 370 மெகாவாட் எரிவாயு நிலையம் இருக்கிறது, ஆனால் அது வடக்கு மூலை, எரிவாயு விலையும் நம் கையில் இல்லை. ஓசூரில் மத்திய நிறுவனமான பவர்கிரிட்டின் 400 கே.வி. நிலையம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 230, 110 கே.வி. அமைப்பு, இந்தப் பக்கம் 220, 66, இரண்டு மாநில நிறுவனங்கள், நடுவில் மத்திய அனுமதி. தொழில்நுட்பத்தைவிடக் கோப்புதான் அதிகம் பயணம் செய்யும்.

ரோட்டோரம்

என் தேர்வு இதுதான்: முதலில் கம்பி மாற்று, கூடவே புதுத் தடத்தைச் சாட்டிலைட் டவுன் ரிங் ரோட்டின் ஓரமாகக் கொண்டுபோ, கடைசிச் சில கிலோமீட்டரை மட்டும் கேபிளாக்கு. தொட்டபள்ளாபுரா, தேவனஹள்ளி, ஹொஸ்கோட்டே, சர்ஜாபூர், அத்திப்பள்ளி, ஆனேக்கல் என்று நகரத்தைச் சுற்றும் அந்த நெடுஞ்சாலைக்கு நிலம் எடுக்கும் வேலை ஏற்கெனவே நடந்திருக்கிறது. 35 மீட்டர் பாதையில் ஒரு பக்கப் பகுதியைச் சாலையின் நிலமே தாங்கிக்கொள்ளும், அதன்மேல் நாளைக்கு யாரும் மூன்றாவது மாடி எழுப்ப முடியாது. நாலு கால் டவருக்குப் பதில் ஒற்றைத் தூண் வைத்தால் இன்னும் இடம் மிச்சம். ஒரே தூணில் மேலே 220, கீழே 66 என்றும் ஏற்றலாம்.

சுலபம் என்று சொல்லமாட்டேன். சாலை வளைந்து வளைந்து போவதால் ‘சி’, ‘டி’ வகைகள் கூடும், தூரமும் 30-லிருந்து சில கிலோமீட்டர் நீளும். ஒற்றைத் தூணுக்கு எஃகும் அஸ்திவாரமும் அதிகம். தூண் சாய்ந்தால் சாலையில் விழக் கூடாது என்று நெடுஞ்சாலைத் துறை கேட்கும், கேட்கவும் வேண்டும். அதனால் தள்ளி வைத்தால் மறுபடி தனியார் நிலம். எல்லாம் சேர்ந்து நேர்கோட்டைவிடச் செலவு கூடத்தான் செய்யும். ஆனால் நேர்கோடு காகிதத்தில் மட்டும்தான் மலிவு. நூற்றுக்கணக்கான பட்டாதாரர்களோடு பேசி, வழக்கு நடத்தி, முடிக்கிற வருஷங்களின் வட்டியையும் சேர்த்துப் பார்த்தவர்கள் அதை மலிவு என்று சொல்வதில்லை.

மின்சாரம் யாருக்கு, பாரம் யாருக்கு என்ற பேச்சு இந்த ஊருக்குப் பழசு. 1902-இல் சிவனசமுத்திரத்தில் எடுத்த மின்சாரம் கிட்டத்தட்ட 150 கிலோமீட்டர் ஓடி முதலில் போனது கோலார் தங்கவயலுக்கு, நம் ஆட்கள் ஆயிரக்கணக்கில் சுரங்கத்துக்குள் இறங்கிய இடத்துக்கு. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905-இல்தான்.

ஆக, தட அறிவிப்பு என்றைக்காவது நாளிதழில் வந்தால், ஊர்ப் பெயர்களைத் தேடுவதோடு நிற்காதீர்கள். மேல்கம்பி முடிந்து கேபிள் தொடங்கும் இடம் எது என்று பாருங்கள். அங்கே ஒரு கனமான முடிவு டவரும், கேபிள் தலைகளும் இடிதாங்கிகளும் நிற்க வேலி போட்ட ஒரு மனையும் வேண்டும். அந்த மனையை ஒரு கிலோமீட்டர் வெளியே தள்ளினால் அடுக்குமாடிக்காரர் கண்ணுக்கு மூன்று டவர் குறையும், செலவு கோடிகளில் ஏறும். ஒரு கிலோமீட்டர் உள்ளே வந்தால் தலைகீழ். அறிவிப்புகளில் அதன் இடம் பெரும்பாலும் ஒரு வரியில் முடிந்துவிடும். வரைபடத்தோடு, சர்வே எண்ணோடு கேட்டு வாங்குங்கள், ஆட்சேபணைக் காலம் முடிவதற்குள்.